“இது எங்க பிடிக்குது?”: கிரேக்கர்களின் வடிவமும் அம்மாவின் அளவு ஜாக்கெட்டும்

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின், பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறைய அளவு ஜாக்கெட்டுகள். புதுத் துணியோடு “இதே மாதிரி தைச்சிடுங்க” என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அது வெளுத்திருக்கும், அக்குளில் தையல் விட்டிருக்கும், ஒரு கொக்கி இருக்காது. அம்மா அதை வாங்கி மேஜையில் விரித்துப் போட்டுவிட்டு, வந்தவரை நிமிர்ந்து பார்த்து எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “இது எங்க பிடிக்குதுக்கா?”

கையைத் தூக்கினால் இழுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். “ஒண்ணும் பிடிக்கல, நல்லாத்தான் இருக்கு” என்பவர்களும் உண்டு. அவர்களைக் கையைத் தூக்கச் சொல்லுவார், குனியச் சொல்லுவார், திரும்பி நிற்கச் சொல்லுவார். அப்புறம்தான் இஞ்ச் டேப்பும் சாக்கட்டியும் வெளியே வரும். கொடுத்த பழைய ஜாக்கெட்டை அப்படியே துணிமேல் வைத்து வெட்டி அவரை நான் பார்த்ததில்லை.

ரொம்ப வருடம் கழித்து, பழைய கிரேக்கத் தத்துவவாதி பிளாட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் அந்த மரப்பெட்டி கண்முன் வந்துவிட்டது. பொருள்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் அங்கே பேச்சு. நடுவில் சாக்ரடீஸ், ஹெர்மோஜெனிஸ் என்பவரிடம் ஒரு தச்சுக் கேள்வி கேட்கிறார். தச்சர் ஒருவர் நெசவுக்கான ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறார், பாதியில் அது உடைந்துவிடுகிறது. மறுபடி செய்யும்போது அவர் எதைப் பார்த்துச் செய்வார்? உடைந்து கிடப்பதையா, அதைச் செய்தபோது எதைப் பார்த்துச் செய்தாரோ அதையா?

இரண்டாவதைத்தான், என்கிறார் ஹெர்மோஜெனிஸ். அந்த ‘எதை’ என்பதற்கு பிளாட்டோ வைத்திருக்கும் சொல் எய்டோஸ். வடிவம் என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் அதுதான்.

அந்தக் கருவியின் பெயர் கெர்கிஸ். வழக்கமாக, தறியில் குறுக்கு நூலை ஏந்தி ஓடும் நாடா என்றே மொழிபெயர்ப்பார்கள். ஆனால் பழைய கிரேக்கத் தறி நிமிர்ந்து நிற்பது; பாவு நூல்கள், அதாவது நெடுக்கு நூல்கள், மேலே ஒரு கட்டையிலிருந்து தொங்கும், கீழே களிமண் குண்டுகள் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். அந்தத் தறியில் கெர்கிஸ் என்பது நூல்களுக்கிடையே விட்டுப் பிரிக்கவும், குறுக்கே போகும் ஊடை நூலைத் தட்டி நெருக்கவும் பயன்பட்ட கூர்முனைக் குச்சியாக இருக்கலாம் என்று பழைய நெசவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. கெர்கிஸால் என்ன செய்கிறோம் என்று சாக்ரடீஸ் கேட்கும்போது வரும் பதில், கலந்து கிடக்கும் பாவையும் ஊடையையும் பிரிக்கிறோம் என்பதுதான். நாடாவின் வேலை அதுவாக இருக்க முடியாது.

தச்சர் மனத்தில் பார்த்தது ஒரு கோட்டுப் படத்தையா? சாக்ரடீஸ் அடுத்து சொல்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மெல்லிய துணிக்கு ஒரு கெர்கிஸ், தடித்த துணிக்கு வேறு, கம்பளிக்கு ஒன்று, லினன் துணிக்கு இன்னொன்று. எல்லாவற்றிலும் கெர்கிஸின் எய்டோஸ் இருந்தாக வேண்டும். ஆனாலும் ஒவ்வொன்றையும் அதனதன் துணிக்கு எது சிறப்போ அந்த மாதிரிதான் செய்ய வேண்டும். நீளமும் தடிமனும் மாறும்போதும் மாறாமல் இருப்பது நிச்சயம் வெளிக்கோடாக இருக்க முடியாது. அந்தக் கருவி செய்யும் வேலைதான் மாறாமல் இருக்கிறது.

பிளாட்டோ என்றாலே எனக்குச் சொல்லித் தரப்பட்டது வேறு. இந்த உலகத்தில் இருப்பதெல்லாம் நிழல், அசலான வடிவங்கள் கண்ணுக்கு எட்டாத எங்கோ இருக்கின்றன, எல்லா நாற்காலிகளுக்கும் மேலே ஒரு பூரண நாற்காலி நிற்கிறது. ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் வரும் கட்டில்தான் இதற்கு எடுத்துக்காட்டு. கடவுள் செய்த கட்டில் ஒன்று, தச்சர் செய்தது ஒன்று, ஓவியர் வரைந்தது ஒன்று. ஓவியருக்கு மூன்றாம் இடம். இந்தப் பிளாட்டோவும் உண்மையான பிளாட்டோதான், மறுக்கவில்லை. ஆனால் பலரும் இந்தக் கட்டிலோடு நிறுத்திவிடுகிறார்கள். சில பக்கங்கள் தள்ளி அதே பத்தாம் பகுதியிலேயே வேறொரு மூன்று வரிசை வருகிறது: ஒரு பொருளைப் பயன்படுத்தும் கலை, அதைச் செய்யும் கலை, அதைப் போலச் செய்யும் கலை. குதிரைக்குக் கடிவாளம் எப்படி இருக்க வேண்டும் என்பது அதைச் செய்த கொல்லருக்கோ தோல்காரருக்கோ கூடச் சரியாகத் தெரியாது, குதிரை ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஆலோஸ் என்ற குழலை வாசிப்பவர், எந்தக் குழல் நன்றாக வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். செய்பவர் அதைக் கேட்டு நடக்க வேண்டும். ஒரு கருவியின் சிறப்பும் அழகும் சரித்தன்மையும் அது எந்தப் பயனுக்காக உண்டானதோ அதைச் சார்ந்தவை மட்டுமே என்று அங்கே நேராகவே சொல்லப்படுகிறது. கிராட்டிலஸிலும் இதே தீர்ப்புதான். மரத்தில் கெர்கிஸின் வடிவம் சரியாக இறங்கியிருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியவர் செய்த தச்சரா, நெய்பவரா? நெய்பவர்.

ஏதென்ஸில் நெசவு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கிறேன். உரையாடலில் நெய்பவர் என்பதற்கு ஆண்பால் சொல்தான் இருக்கிறது. ஆனாலும் நிஜத்தில் ஒரு குச்சியைக் கையில் வாங்கி, தறிமுன் நின்று பார்த்து, இது ஆகாது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எய்டோஸ் ‘பார்’ என்ற வேரிலிருந்து வந்தது. இடியா என்பதும் அதே வேர்தான். ‘எனக்குத் தெரியும்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘ஒய்டா’ என்பார்கள், நேர்ப்பொருள் ‘பார்த்திருக்கிறேன்’. தத்துவத்துக்கு வருவதற்கு முன் எய்டோஸுக்கு ஒருவரின் தோற்றம், தோற்றப் பொலிவு என்றுதான் பொருள். ஹோமரின் இலியட்டில் ஹெக்டர் தன் தம்பி பாரிஸைத் திட்டும்போது, எய்டோஸில் மட்டும் நீ சிறந்தவன் என்கிறான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அது எங்கட வடிவுதானே” என்றார். ஆமாம், அங்கே வடிவான பெண் என்றால் அழகான பெண். வடிவாகப் பார் என்றால் நன்றாகக் கவனித்துப் பார். தோற்றம், அழகு, கவனமான பார்வை மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் ஈழத்துத் தமிழ், எய்டோஸைத் தமிழில் எழுத நினைப்பவர்களுக்குப் பெரிய கொடை. தமிழ்நாட்டில் நாம் வடிவம் என்ற சொல்லைச் சதுரம், வட்டம் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டோம்.

கிரேக்கத்திலேயே அந்தச் சுருங்கிய பொருளுக்கு வேறு சொற்கள் இருந்தன. ஸ்கீமா என்றால் வெளி உருவம். எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற அணுவாதிகள் ரித்மோஸ் என்றார்கள். இன்று தாளத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இதிலிருந்து வந்ததுதான், ஆனால் பழைய நாளில் அதற்கு உருவமைப்பு என்றும் பொருள் இருந்தது. டெமாக்ரிட்டஸ் போன்றோர் அணுக்கள் எப்படி வேறுபடுகின்றன என்று விளக்கியதை அரிஸ்டாட்டில் எழுத்துகளை வைத்துச் சொல்கிறார்: ஆல்ஃபாவும் (A) நூவும் (N) ரித்மோஸில் வேறுபடுகின்றன, அதே இரண்டை முன்பின்னாக மாற்றி எழுதினால் வரிசையில் வேறுபடுகின்றன.

ரித்மோஸ் இன்னொரு இடத்திலும் வருகிறது. கிரேக்கர்கள் வடிவத்தைப் பற்றி எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. எழுதியவர் பிளாட்டோ இல்லை, சாக்ரடீஸோடு பழகிய செனஃபோன். தன் நினைவுக் குறிப்புகளில் அவர் சாக்ரடீஸை ஒரு ஓவியரிடமும் ஒரு சிற்பியிடமும் கூட்டிப் போய்விட்டு, கடைசியாகப் பிஸ்டியாஸ் என்ற கவசக்காரரின் பட்டறைக்குக் கூட்டிப் போகிறார்.

மற்றவர்கள் செய்வதைவிட உங்கள் கவசம் உறுதியும் இல்லை, செய்ய அதிகம் செலவாவதும் இல்லை; பிறகு ஏன் அதிக விலை சொல்கிறீர்கள் என்று சாக்ரடீஸ் கேட்கிறார். என்னுடையவை யூரித்மோஸ், அதாவது அளவொத்தவை, என்கிறார் பிஸ்டியாஸ். அந்த அளவொப்பு எதில் இருக்கிறது? நீள அகலத்திலா, எடையிலா? எல்லாவற்றையும் ஒரே மாதிரியா செய்கிறீர்கள், ஆளுக்குப் பொருந்தும்படிதானே செய்கிறீர்கள்? ஆமாம், பொருந்தாவிட்டால் கவசத்தால் என்ன பயன்? சரி, சிலருடைய உடம்பு அளவொத்து இருக்கும், சிலருடையது இருக்காது. அளவொவ்வாத உடம்புக்குப் பொருந்தும் கவசம் எப்படி அளவொத்ததாக இருக்கும்?

அது பொருந்துகிறது அல்லவா, அதுதான் அளவொப்பு, என்கிறார் பிஸ்டியாஸ்.

அப்படியானால் நீங்கள் சொல்லும் அளவொப்பு தனியாக நிற்பதில்லை, அணிகிறவரைச் சார்ந்தது என்று சாக்ரடீஸ் பிடித்துக்கொள்கிறார். அதன்பின் அவரே விரிக்கிறார். பொருந்தும் கவசத்தின் பாரம் காறை எலும்பு, தோள், முதுகு, மார்பு, வயிறு என்று பிரிந்து விழும். சுமக்கிறோம் என்றே தோன்றாது. பொருந்தாத கவசம் தோளிலிருந்து மொத்தமாகத் தொங்கும், இல்லாவிட்டால் எங்காவது ஓரிடத்தில் அழுத்தும். உடம்பு குனியும், நிமிரும். அப்படியிருக்கத் துல்லியமாக ஒட்டிச் செய்த கவசம் எப்படிப் பொருந்தும் என்றும் கேட்கிறார். பொருத்தம் என்பது உடம்பை ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை, பயன்படுத்தும்போது நோகாமல் இருப்பது என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். பூவேலை செய்த, பொன் பூசிய கவசங்களை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், பொன் பூசிய ஒரு தொல்லையைத்தான் வாங்கிப் போகிறார்கள் என்பது சாக்ரடீஸின் கருத்து.

கையைத் தூக்கச் சொல்லி அம்மா பார்த்தது இதைத்தான். கையைத் தொங்கப் போட்டு நிற்கும்போது எந்த ஜாக்கெட்டும் பொருந்திவிடும்.

செனஃபோனின் அதே நூலில் எருக்கூடையைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. எருச் சுமக்கும் கூடை கூட அழகானதா என்று சாக்ரடீஸின் மாணவர் அரிஸ்டிப்பஸ் கேட்கிறார். ஆமாம், அதன் வேலைக்கு அது நன்றாகச் செய்யப்பட்டிருந்து, தங்கக் கேடயம் அதன் வேலைக்கு மோசமாகச் செய்யப்பட்டிருந்தால், கூடை அழகு, கேடயம் அசிங்கம் என்று தயங்காமல் சொல்கிறார் சாக்ரடீஸ்.

இந்தப் பேச்சுகளெல்லாம் நடந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் ஒரு சின்னத் தடயமும் இருக்கிறது. ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவின் ஓரத்தில் தோண்டியபோது ஒரு வீட்டில் செருப்பு, பூட்ஸ்களுக்கு அடிக்கும் இரும்பு ஆணிகளும் எலும்பாலான வளையங்களும் கிடைத்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தின் அடிப்பாகம் கிடைத்தது. அதில் ‘சைமனுடையது’ என்று கீறியிருந்தது. சைமன் என்ற செருப்புத் தைப்பவரின் பட்டறைக்கு சாக்ரடீஸ் வந்து பேசுவார், அவர் போனபின் சைமன் அதைக் குறித்து வைப்பார் என்று, தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லேயர்ஷியஸ் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சைமனின் வீடு இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிளாட்டோவின் உரையாடல்களில் தச்சரும் கொல்லரும் நெய்பவரும் செருப்புத் தைப்பவரும் ஓயாமல் வந்துபோவதற்குக் காரணம் தேட எனக்கு அந்த ஆணிகள் போதும்.

இப்போது அதே ஊரில் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். பார்த்தெனான் கோயில் கி.மு. 447 முதல் 432 வரை கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர்களாக இக்டினோஸ், கல்லிக்ராட்டிஸ் பெயர்கள் சொல்லப்படுகின்றன. முன்னால் 8 தூண், பக்கவாட்டில் 17. தூண்கள் நிற்கும் மேடை 30.88 மீட்டருக்கு 69.50 மீட்டர், வகுத்துப் பார்த்தால் 4-க்கு 9. தூணின் விட்டத்துக்கும், ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரையுள்ள தூரத்துக்கும் இடையிலும் இதே 4-க்கு 9 வருகிறது. வடிவமைப்புப் பாடங்களில் இந்தக் கோயில்மேல் பொன்விகிதச் சுருள் (1-க்கு சுமார் 1.618 என்ற விகிதத்தை வைத்து வரைவது) ஒன்றை வரைந்து காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். அப்படி ஒரு விகிதத்தை வைத்துக் கட்டினார்கள் என்று எந்தப் பழைய கிரேக்கரும் எழுதவில்லை. கணித அறிஞர் யூக்ளிட் அந்த விகிதத்தை வரையறுத்தது கோயில் முடிந்து நூறு வருடத்துக்கும் பின்னால்.

சுருளைவிட ஆச்சரியமானது கல்லிலேயே இருக்கிறது. அந்த மேடை தட்டையாக இல்லை. குறுகிய பக்கங்களில் நடுப்பகுதி சுமார் 6 செ.மீ., நீண்ட பக்கங்களில் சுமார் 11 செ.மீ. உயர்ந்து வளைந்திருக்கிறது. தூண்கள் நேராக நிற்கவில்லை, உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன். தூணின் உடலும் நேர்கோடில்லை, லேசாகப் புடைத்திருக்கிறது. மேடையைத் தட்டையாக அமைத்தால் கண்ணுக்கு அது குழிந்தது போலத் தெரியும் என்று பின்னாளில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் காரணம் சொன்னார். ஆக, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக, அதனதன் இடத்துக்கு ஏற்ற நுண்ணிய கோணத்தில் செதுக்க வேண்டியிருந்தது.

பிளாட்டோ பிறந்தது ஏறக்குறைய கி.மு. 427-இல். கோயில் முடிந்து ஐந்து வருடம். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் பெரிய சிற்பங்களும் ஓவியங்களும் செய்பவர்களைக் குறை சொல்கிறார். மேலே இருப்பது சிறியதாகவும் கீழே இருப்பது பெரியதாகவும் தெரியும் என்பதற்காக உண்மையான அளவுகளை விட்டுவிட்டு, அழகாகத் தெரியும் அளவுகளை வைக்கிறார்களாம். அது உண்மைக்குச் செய்யும் நகல் இல்லை, தோற்ற மயக்கம் என்பது அவர் கட்சி.

இந்த இடத்தில் நான் பிளாட்டோ பக்கம் இல்லை, கல்தச்சர்கள் பக்கம். குழல் வாசிப்பவர் சொல்வதைக் கேட்டுக் குழல் செய்ய வேண்டும் என்று சொன்னவர், பார்ப்பவரின் கண்ணைக் கேட்டுக் கோயில் கட்டியவர்களை ஏன் அங்கீகரிக்க மறுத்தார்? கோயிலைப் பயன்படுத்தியவர்கள் அதைச் சுற்றி நடந்தும் வெளியே நின்று பார்த்தும்தான் பயன்படுத்தினார்கள். பலிபீடம் வெளியேதான் இருக்கும். அவர்கள் கண்ணில் நேராக நிற்பதுதான் அதன் வேலை. அந்த 11 செ.மீ. வளைவு பிஸ்டியாஸ் செய்த வேலையின் தம்பி.

அரிஸ்டாட்டில் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். பதினேழு வயதில் பிளாட்டோ நடத்திய அகாடமி என்ற கல்விக்கூடத்துக்கு வந்து சுமார் இருபது வருடம் இருந்தவர். வைத்தியர் மகன், மீனையும் கோழிமுட்டையையும் பிளந்து பார்த்தவர். ஒன்று எதனால் ஆனதோ அந்த மூலப்பொருளையும் அதன் வடிவத்தையும் அவர் பிரித்துப் பேசினார். மூலப்பொருளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் ஹூலே. அதன் சாதாரண அர்த்தம் மரம், வெட்டு மரம். தச்சுப் பட்டறையிலிருந்து எடுத்த சொல் இன்றுவரை தத்துவத்தில் நிற்கிறது. ஆன்டிஃபோன் என்ற முந்தைய சிந்தனையாளர் சொன்னதாக ஒரு வாதத்தையும் அவர் குறிப்பிடுகிறார்: கட்டிலை மண்ணில் புதைத்து, அது மக்கி முளைவிட்டால், முளைப்பது கட்டில் இல்லை, மரம்தான். ஆகவே மரம்தான் அசல் என்பது அந்த வாதம். அரிஸ்டாட்டில் அங்கே நிற்கவில்லை. மனிதனுக்கு மனிதன் பிறக்கிறான், அங்கே வடிவம்தானே வழிவழியாக வருகிறது என்றார்.

அவர் எழுதியதில் என்னை நிறுத்திவைத்த இடம் உயிரினங்களின் உறுப்புகளைப் பற்றிய நூலில் இருக்கிறது. வடிவம் என்பது உருவமும் நிறமும்தான் என்றால் டெமாக்ரிட்டஸ் சொன்னது சரி என்று தொடங்குகிறார். ஆனால் இறந்தவனுக்கும் அதே உருவம் இருக்கிறது, அவன் மனிதன் இல்லை. வெண்கலத்தில் செய்த கையும் மரத்தில் செய்த கையும் பெயரளவில்தான் கை. தன் வேலையைச் செய்ய முடியாததால் கல்லில் செதுக்கிய குழல் குழல் இல்லை, படத்தில் வரைந்த வைத்தியர் வைத்தியர் இல்லை. உயிரைப் பற்றிய நூலில் இதையே திருப்பிப் போடுகிறார்: கோடாலி ஓர் உயிருள்ள உடலாக இருந்திருந்தால், கோடாலியாக இருப்பதே, அதாவது வெட்டுவதே, அதன் உயிராக இருந்திருக்கும்.

‘வடிவம் எப்போதும் செயலைத் தொடர்ந்தே வரும்’ என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1896-இல் எழுதினார். எங்கள் வடிவமைப்புத் துறையில் அதைச் சொல்லாத வகுப்பு கிடையாது. எனக்கும் பிடித்த வரிதான். ஆனால் கிரேக்கர்களைப் படித்தபின் அதில் ஓர் இடைவெளி தெரிகிறது. முன்னால் ஒன்று போகிறது, பின்னால் ஒன்று வருகிறது என்றால், இரண்டும் ஏற்கெனவே தனித்தனியாகிவிட்டன. எய்டோஸில் அந்தப் பிரிவே இல்லை.

நான் செயலிகளுக்கும் திரைகளுக்கும் வடிவமைக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தின் கவுன்டருக்கு டோக்கன் எடுக்கும் திரை செய்தேன். இரண்டே நிறம், நிறைய வெற்றிடம், மெல்லிய எழுத்து. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து அங்கே போனபோது, திரையின் மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய ஒரு தாள் இருந்தது: ‘இங்கே தொடவும்’. கீழே ஓர் அம்புக்குறி. கவுன்டரில் இருந்த பெண்மணி ஒட்டியது. வருகிற வயதானவர்களுக்கு எதைத் தொடுவதென்று தெரியவில்லை, ஒரு நாளைக்கு நூறு தடவை எழுந்து போய்க் காட்ட வேண்டியிருக்கிறது என்றார். அவரிடம் நான் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. மரத்தில் வடிவம் இறங்கியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் அவர். நான் செய்து வைத்திருந்தது வெண்கலக் கை. அந்தத் தாளைக் கிழிக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன், அடுத்த திரையை அதிலிருந்துதான் தொடங்கினேன்.

இப்போது ‘பார்மெனிடிஸ்’ உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் சாக்ரடீஸ் இளைஞர், பார்மெனிடிஸ் முதியவர். நீதிக்கும் அழகுக்கும் வடிவம் உண்டு என்கிறாய், சரி; முடிக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் உண்டா என்று முதியவர் கேட்கிறார். சாக்ரடீஸ் தடுமாறுகிறார். இல்லை என்கிறார், ஆனால் அந்த எண்ணம் தன்னைச் சில நேரம் உறுத்துகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். நீ இன்னும் இளையவன், பிறர் என்ன நினைப்பார்களோ என்று பார்க்கிறாய், தத்துவம் உன்னை முழுதாகப் பிடிக்கும்போது இவற்றில் எதையும் இளக்காரமாக நினைக்க மாட்டாய் என்கிறார் முதியவர். எருக்கூடையைப் பற்றிப் பேசிய சாக்ரடீஸை அறிந்தவர்களுக்கு இந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடி இரண்டு நாளாக அதே பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மா இப்போது தைப்பதில்லை, ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது, பெரிய கடையில் வாங்கிய புதுச் சட்டையைப் போட்டிருந்தேன். வாசலிலேயே நிறுத்தி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கையைத் தூக்கு” என்றார். தூக்கினேன். தோளுக்குப் பின்னால் விரலை வைத்து, “இங்க பிடிக்குது பாரு” என்றார்.